பிரம்மசக்திக்குச் சுட்ட சப்பாத்தி

ஜனவரி 2, வியாழன்

நகைக்கடையில் கொடுத்த டைரி. போன வருடமும் ஒன்று கொடுத்தார்கள். அதில் ஜனவரி நான்காம் தேதியோடு என் சரித்திரம் முடிந்துபோனது. மீதிப் பக்கங்களை என் மனைவி பிரம்மசக்தி மிளகாய் வற்றல் பொதிந்து வைக்கக் கிழித்துக்கொண்டாள். இந்த வருடம் விடாமல் எழுத ஒரு காரணம் உண்டு. ஐம்பத்து மூன்று வயதில் நான் சமையல்காரன் ஆகியிருக்கிறேன்.

பகலில் நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. ஓய்வு நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுகிறவன். கொளுத்திப் போடுவதே என் பிழைப்பு என்பாள் பிரம்மசக்தி. துணுக்குகளில் முக்கால்வாசி அவள் பிறந்த வீட்டுச் சனங்களைப் பற்றியது என்பதால் அவளுக்கு அப்படி ஓர் எண்ணம்.

அவளுக்கு எட்டு வருடமாகத் தைராய்டு. கழுத்தில் இருக்கும் சுரப்பி வேலை செய்ய மறுக்கிறதாம். எங்கள் டாக்டர் சாலமோன் அதற்கு ஒரு ஜப்பான்காரர் பெயரைச் சொன்னார். "ஜப்பான்காரருக்குக் கோவில்பட்டியில் என்ன வேலை?" என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அன்று முதல் தினமும் விடியலில் ஒரு மாத்திரை. ஆனாலும் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டுதான் வந்தாள்.

போன ஆடியில், பூங்காவில் என்னோடு நடக்கிற ஓய்வுபெற்ற தாசில்தார் சங்கரபாண்டியன் திருவாய் மலர்ந்தார்: "தைராய்டுக்கு அரிசி விஷம் ஓய். கோதுமைதான் அமிர்தம்." அவர் சொன்னால் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. மறுநாளே நான் பூரிக்கட்டையைக் கையில் எடுத்தேன். இரவு சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா, இரண்டும் என் கையால். ஆறு மாதத்தில் பிரம்மசக்தி இளைத்தே விட்டாள். தெருவில் எல்லோரும் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். நான் அடக்கமாகக் கையைக் காட்டுகிறேன். என் கையை.

ஜனவரி 6, திங்கள்

இன்று சப்பாத்தி பூரி மாதிரி உப்பியது. பிரம்மசக்திக்கு வயிறு உப்பியிருக்கிறதாம். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அதையும் நான்தான் வைத்தேன் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்கு மாமனார் வீட்டுப் பட்டாளம் வந்து, நான்கு நாள் இருந்து, இன்று ஊருக்குப் போயிற்று. கைவசம் துணுக்குக்கு விஷயம் நிறைய. வெளியிடத்தான் தடை.

அவள் அக்கா வடிவு மதினி வந்திருந்தார். அக்கினி நட்சத்திரத்திலும் மணிக்கட்டு வரை ரவிக்கை போடுகிற ஆள். தோளிலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள். பிரம்மசக்திக்கு மட்டும் தெரியும். அவள் வழியாக எனக்குத் தெரியும். மகள் உமையாளுக்குக் கல்யாணம் முடிகிறவரை ஊருக்குத் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. மைத்துனன் கழுகாசலத்தின் மகன் முகிலனுக்குச் சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பையன் கொல்லைப்பக்கம் போனால், "கை கழுவப் போயிருக்கான்" என்பார்கள். செத்துப்போன பெரியத்தைக்குக் கைவிரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும்; கேட்டால், "சின்ன வயசுல உரல்ல நசுங்குனது" என்பார்கள். இரண்டு கையுமா? அந்தக் குடும்பத்தில் ஊரறிந்த குறை நான் ஒருவன்தான்.

விருந்தாளிகள் இருந்ததால் சப்பாத்திக்கு விடுமுறை. மூன்று வேளையும் அரிசிதான். பொங்கல், சிறுகிழங்குப் பொரியல், சோறு, இட்லி. ஆனால் பிரம்மசக்தி முகத்தில் ஒரு தெளிச்சி. நேற்று மதினியோடு உட்கார்ந்து சிரித்த சிரிப்பு வாசலுக்குக் கேட்டது. பிறந்த வீட்டுச் சனத்தைக் கண்டால் பெண்களுக்கு நோய்கூட ஒதுங்கி நிற்கும் போல.

ஜனவரி 18, சனி

நான்கு நாள் அரிசி தின்றதற்குப் பரிகாரமாக இன்று அவளுக்குச் சப்பாத்தி ஒன்று கூடுதல்.

ஜனவரி 27, திங்கள்

பாத்திரம் கழுவும்போது பிரம்மசக்தியின் மோதிரம் தானாகக் கழன்று சாக்கடை வாயில் போய் நின்றது. நூல் சுற்றிக் கொடுத்தேன். மஞ்சள் நூல் வெளியே தெரியாமல் சுற்றுவது ஒரு கலை.

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர், "அண்ணே, மதினிக்கு என்ன டயட்டுன்னு எனக்கும் சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். முன்பு போல விரிவாகச் சொல்லத் தோன்றவில்லை. நூல் மூன்று அடுக்கு தேவைப்பட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

தைராய்டு பரிசோதனை. எண் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. டாக்டர் சாலமோன் மாத்திரையின் பலத்தை மறுபடியும் கூட்டினார். ஒரு வருடத்தில் இது மூன்றாவது தடவை.

"மாத்திரை போட்டதும் காப்பி குடிக்கிறீங்களாம்மா? ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் குடிக்கணும்."

"சத்தியமா இல்ல டாக்டர்."

எனக்குச் சந்தேகம். காப்பி விஷயத்தில் பிரம்மசக்தியின் சத்தியம் சர்க்கரைப் பொங்கலில் போடும் உப்பு மாதிரி, பெயருக்கு ஒரு சிட்டிகை.

பிப்ரவரி 4, செவ்வாய்

விடியலில் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"முழுங்கிட்டேன். வாயைத் தொறந்து காட்டவா?"

"காட்டு."

காட்டினாள். நாக்கு வெளுத்து வழவழவென்று இருந்தது. ஓரத்தில் இரண்டு புண்.

"என்ன பாக்கீக? மாத்திரை உள்ள போயிருச்சா?"

"போயிருச்சு. மூடு."

ஒரு மணி நேரம் காவல் இருந்தேன். அவள் காப்பிப் பக்கமே போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். எழுந்து ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கைப்பேசியில், 'காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது ஏன்' என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இன்று எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கழுகுமலைக்குப் போனோம். கிரிவலப் பாதையில் பாதி தூரத்தில் பிரம்மசக்தி என் தோளைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து பொது இடத்தில் அவள் என்னைத் தொட்டதில்லை. "என்ன திடீர்ப் பாசம்?" என்று திரும்புவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

சாயங்காலமே டாக்டர் சாலமோன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருக்கிறதாம்.

"ரத்தம் வெளியே எங்கயும் போகலை. சாப்பிடுறது உள்ளே ஏறலைன்னு நினைக்கிறேன். மாத்திரையும் அதனாலதான் பிடிக்கலையோ என்னவோ. மதுரையில குடல் டாக்டர் ஒருத்தரைப் பாருங்க," என்று சீட்டு எழுதினார்.

"வேற ஏதாச்சும் இருக்குமா டாக்டர்?" என்று தனியாகக் கேட்டேன்.

"போய்ப் பாருங்க பூவலிங்கம்," என்றார். எட்டு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இன்றைக்குத்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மதுரை. டாக்டர் ஹசீனா. நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற ஆள். வயிறு, தூக்கம், பசி எல்லாம் கேட்டுவிட்டு வந்தார் அந்தக் கேள்விக்கு:

"குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுச் சர்க்கரை, தோல்ல வெள்ளைத் திட்டு, மூட்டு வாதம், இந்த மாதிரி ஏதாவது உண்டாம்மா?"

"யாருக்கும் ஒண்ணும் கிடையாது டாக்டர். எல்லாரும் நல்லா இருக்காங்க."

இது பாடம். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிக்கொள்ளப் போனார். என் வாய் தானாகத் திறந்தது. அதற்கு அது பழக்கம்தான்.

"இருக்கு டாக்டர்."

மேஜைக்கடியில் என் கால் மிதிபட்டது. ரத்தமே இல்லாத உடம்பு என்கிறார்கள். மிதி அப்படித் தெரியவில்லை.

"இவ அக்காவுக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு. அண்ணன் மகனுக்கு ஆறு வயசுலேர்ந்து ஊசி. அத்தை ஒருத்திக்குக் கைவிரலெல்லாம் முறுக்கிக்கிட்டு, கடைசியில டம்ளர்கூடப் பிடிக்க முடியாது. உரல்ல நசுங்குனதுன்னு சொல்லுவாங்க."

"இன்னும் யாராவது?"

"சித்தப்பா மக ஒருத்திக்குத் தலையில வட்ட வட்டமா முடி கொட்டும். சவுரி வச்சிருக்கா. அது இவளுக்கே தெரியாது."

இருபத்தாறு வருடம் சேகரித்த சரக்கு. முழுவதையும் கொட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை.

"இவ்வளவு தெளிவாச் சொல்ற அட்டெண்டர் எனக்கு வந்ததே இல்லை," என்றார். பிறகு பிரம்மசக்தியிடம் திரும்பினார். "அம்மா, நம்ம உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. வெளியிலேர்ந்து வர்ற கிருமியை அடிக்கிறதுதான் அவங்க வேலை. சில குடும்பத்துல அவங்களுக்கு ஆள் அடையாளம் தப்பிப்போகும். வீட்டுக்காரங்களையே அடிப்பாங்க. உங்களுக்குக் கழுத்துச் சுரப்பியில அடி. அக்காவுக்குத் தோலோட நிறத்துல. அந்தப் பையனுக்குக் கணையத்துல. பேருதான் வேற வேற, வேர் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒரு இடத்துல வந்தவங்களுக்கு இன்னொரு இடத்துலயும் வரலாம். வந்தே தீரும்னு இல்லை. ஆனா தேடிப் பாக்கணும்."

"இப்ப எனக்கு எங்க டாக்டர்?"

"குடல்லயான்னு சந்தேகப்படுறேன். கோதுமையில ஒரு புரதம் இருக்கு, குளூட்டன்னு. அது உள்ளே போனா சிலருக்கு அந்தக் காவக்காரங்க குடலையே அடிச்சுத் தேய்ச்சிடுவாங்க. அப்புறம் சாப்பிட்டது, மாத்திரை, எதுவும் உடம்புல சேராது. அரிசிச் சோறு சாப்பிடுற வரைக்கும் பல பேருக்கு இருக்கிறதே தெரியாது. நீங்க கோதுமை எவ்வளவு சாப்பிடுவீங்க?"

பிரம்மசக்தி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தாள்.

"காலையில உப்புமா. ராத்திரி சப்பாத்தி," என்றேன். "நான்தான் டாக்டர் போட்டுக் கொடுக்கேன்."

"ரத்தத்துல பாத்துடலாம். வேற எதுவும் இருக்கான்னும் சேத்தே பாத்துடலாம்," என்றார். அந்த 'வேற எதுவும்' கோவில்பட்டி வரை பஸ்ஸில் எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிரம்மசக்தி பேசவில்லை. காப்பி டம்ளர் வைக்கும் சத்தத்தில் எல்லாம் தெரிகிறது. நான்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"டாக்டருக்கு உபயோகமாத்தானே இருந்துச்சு?"

அப்போது சொன்னாள். "அக்கா என்கிட்ட மட்டுந்தான் சேலையை வெலக்கிக் காட்டுனா. நான் ஒங்ககிட்டச் சொன்னது புருஷன்னு நெனச்சி. பத்திரிகைக்காரன்னு நெனச்சி இல்ல."

இதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன். மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

டாக்டர் ஹசீனா போனில் கூப்பிட்டார். ரத்தத்தில் அந்தக் கோதுமைப் பகை அதிக அளவில் இருக்கிறதாம். சீலியாக் என்று பெயர். உறுதிப்படுத்தக் குழாய் விட்டுக் குடலில் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி.

"இன்னைக்கே கோதுமையை நிறுத்திடுறேன் டாக்டர்."

"ஐயையோ, நிறுத்திடாதீங்க. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், சோதனையில சரியாத் தெரியாமப் போயிடலாம். அன்னைக்கு வரைக்கும் கொஞ்சமாவது சாப்பிடணும்."

அவர் வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 22, சனி

சாயங்காலம் மாவுப் பாத்திரத்தை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தேன். பிரம்மசக்தி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"என்ன, பிசையலையா?"

நான்கு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"கை வலிக்கி."

"பொய்."

"தெரிஞ்சே எப்பிடிப் போட?"

"தெரியாம ஆறு மாசம் போட்டீகள்ல? தெரிஞ்சு இன்னுங் கொஞ்ச நாளு போடுங்க."

தண்ணீரைத் தெளித்துப் பிசைந்தேன். மாவு ஒட்டவே இல்லை. அவள் கீழே உட்கார்ந்து பாத்திரம் நகராமல் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"பிரம்மு, ஒனக்கு முன்னாடியே தெரியுமா? இது ஒத்துக்கலைன்னு?"

"நோயின்னு தெரியாது. தின்னா வயித்தக் கலக்கும். கோதுமைச் சூடுன்னு நெனச்சேன். ரெண்டாம் மாசமே தெரியும்."

"ஏட்டி, சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நீங்க எனக்குன்னு அடுப்படிக்குள்ள நொழஞ்சது இதுக்குத்தான். மாவப் பிசைஞ்சிக்கிட்டு ராகம் வேற இழுப்பீக. தெருவுல போறவன் வாறவன்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவீக. நல்லா இல்ல, எனக்கு வேண்டாம்னு எந்த வாயால சொல்ல?"

"நல்லா இல்லையா?" என்று கேட்டேன். அவ்வளவு பேச்சில் எனக்கு அதுதான் காதில் ஏறியது. துணுக்கு எழுதுகிறவன் புத்தி.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். என் கண்ணைப் பார்க்காமல்.

பிப்ரவரி 26, புதன்

ஒன்றரைச் சப்பாத்தி. சின்னதாகத் தேய்த்தேன். அவள் தின்று முடிக்கிறவரை அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

குழாய்ச் சோதனை. அவளை உள்ளே கூட்டிப் போனதும் நர்ஸ் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். நூல் அழுக்காகி இருந்தது. புது நூல் வாங்கி வந்து சுற்றலாம் என்று நினைத்தேன். கவரை விட்டுக் கை எழவில்லை.

டாக்டர் ஹசீனா வெளியே வந்தார். "உள்ளே கட்டி, வளர்ச்சி, அந்த மாதிரி எதுவும் இல்லை. குடலோட மடிப்பெல்லாம் தேய்ஞ்சு இருக்கு. நாம நினைச்சதுதான். கிள்ளி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வந்ததும் சொல்றேன்."

"கட்டி இல்லையா?"

"இல்லை."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"கேமராவை வச்சுக்கிட்டுத்தான் பாத்தேன் சார்."

கேன்டீனில் போய் இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் காரம் ரொம்ப அதிகம். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். காரம் என்றேன். அவர் தட்டிலும் அதே சாம்பார்தான். தலையாட்டிக்கொண்டார், நல்ல மனுஷன்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முடிவு வந்தது. சந்தேகமே இல்லை, அதுதான். ஆயுள் முழுக்கக் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் தொடக் கூடாது. பிஸ்கட் கூடாது, பரோட்டா கூடாது. மாவு ஒட்டிய பாத்திரம்கூடக் கலக்கக் கூடாது. வேறு மருந்து கிடையாது, இதுதான் மருந்து.

இன்று அடுப்படியைக் காலி செய்தோம். மாவு மூட்டை ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போயிற்று. சப்பாத்திக் கல்லும் கட்டையும் கூடவே போயின. "டயட்டு மாறிடுச்சாண்ணே?" என்றார் டீச்சர். "மாறிடுச்சும்மா. அரிசிதான் அமிர்தம்," என்றேன். பாவம், குழம்பிப் போய் நின்றார்.

பூங்காவில் தாசில்தாரிடம் விவரம் சொன்னேன். "அப்ப கம்பு சாப்பிடச் சொல்லும் ஓய்," என்று உடனே அடுத்த உத்தரவு போட்டார். மனிதருக்கு ஓய்வு கிடையாது.

மார்ச் 25, செவ்வாய்

வயிறு பெரும்பாலும் அடங்கிவிட்டது. பெரும்பாலும்தான். அவ்வப்போது பழையபடி கலக்குகிறது. எனக்குப் பழையபடி 'வேற எதுவும்' என்று தொடங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் பிரம்மசக்தியிடம் கொடுக்கச் சொன்னார்.

"ரசம் எப்படி வைப்பீங்கம்மா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"புளி, தக்காளி, மொளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை, பெருங்காயம்..."

"பெருங்காயம் கடைத் தூளா, டப்பாவுல வர்றதா?"

"டப்பாத் தூளுதான்."

"கூட்டுப் பெருங்காயமா இருக்கும். அதுல பெரும்பாலும் மைதா சேத்துத்தான் செய்வாங்க. சாம்பார்லயும் ரசத்துலயும் தினம் கொஞ்சம் போகுது பாருங்க. நிறுத்திட்டுச் சொல்லுங்க."

பிரம்மசக்தி பெருங்காய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சப்பாத்தியை விட்டபோது அவள் கலங்கவில்லை. கல்யாணத்தோடு வந்த உறவு போகிற மாதிரி இப்போது கலங்கினாள்.

"பெருங்காயம் இல்லாத ரசத்த ரசம்னு எப்பிடிங்க சொல்ல?"

"மொளகுத் தண்ணின்னு சொல்லு."

டப்பா என் மீது பறந்து வந்தது. எறிகிற கையில் பலம் வந்திருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

கூடப் பிறந்தவர்களும் பெற்ற பிள்ளையும் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிரம்மசக்தி இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டாள். அக்காவிடம் சொன்னால், டாக்டருக்கு அந்த விஷயம் எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று போனைச் சத்தம் வெளியே கேட்கிற மாதிரி போட்டுவிட்டு அக்காவிடம் பேசினாள்.

"அக்கா, ஒன் கை விசயம் டாக்டருக்குத் தெரிஞ்சிருச்சு. இவுகதான் ஒடைச்சிட்டாக." சொல்லிவிட்டு அழுதாள்.

அந்தப் பக்கம் மதினி காற்றாடியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அதுக்கு எதுக்குட்டி அழுத? ஒனக்கு என்னன்னு அதுல கண்டுபிடிச்சாங்களா இல்லையா?"

"கண்டுபிடிச்சாங்க."

"அப்ப என் தோலு ஒனக்கு ஒதவியிருக்கு. இத்தன வருசத்துல அது ஒருத்தருக்கு ஒதவுனதே இப்பத்தான். தம்பி பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் மதினி," என்றேன். குரல் சின்னதாக வந்தது.

"ஒங்க வாயால எங்க குடும்பத்துக்கு ஒரு நல்லது நடக்கும்னு நான் சாமி சத்தியமா நெனைக்கல தம்பி. நானும் உமையாளும் ரத்தம் குடுத்துருதோம். எனக்கும் ரொம்ப நாளா அசதி. ஆனா இதப் பத்திரிகையில எழுதினீக, கோவில்பட்டி வந்து ஒங்க மீசைய அறுத்துப்புடுவேன்."

"எனக்கு மீசை இல்ல மதினி."

"வளத்துட்டு அறுப்பேன்."

இதை டைரியில் எழுதுவது பத்திரிகையில் சேராது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

வடிவு மதினிக்குத் தைராய்டு இருக்கிறது, குடல் பகை இல்லை. மாத்திரை தொடங்கியாயிற்று. உமையாளுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் மகள் செண்பகா கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அவளுக்கும் முடிவு வந்தது. குடல் பகை இல்லை. கழுத்துச் சுரப்பிக்கு எதிரான காவக்காரர்கள் மட்டும் கூட்டம் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் அடிக்கத் தொடங்கவில்லை. வருடம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதுமாம்.

"எங்கிட்டயிருந்துதான் ஒனக்கு," என்று பிரம்மசக்தி போனில் கரைந்தாள்.

"அம்மா, உன்கிட்டயிருந்து அட்டிகை வரும்னு பாத்தேன். கழுத்துக்கு வேற ஒண்ணு வந்துருச்சு. விடு," என்றாள் செண்பகா.

அந்த வாய் யாரிடமிருந்து போனது என்று எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. பேசி முடித்ததும் பிரம்மசக்தி அட்டிகையை எடுத்துத் துடைத்து வைத்தாள். அடுத்த மாதம் மகள் வரும்போது கொடுத்துவிடப் போகிறாளாம்.

மே 20, செவ்வாய்

டாக்டர் சாலமோன் இன்று சிரித்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. என் நகைச்சுவைக்கு இல்லை, பரிசோதனை முடிவைப் பார்த்து. ரத்தம் ஏறியிருக்கிறது. தைராய்டு எண் இறங்கி நிற்கிறது. மாத்திரையின் பலத்தைக் குறைத்தார். உள்ளே போவது உடம்பில் ஒட்டுகிறது என்று அர்த்தமாம்.

பிரம்மசக்தி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். "என்ன மதினி, மறுபடி வெயிட் போடுறீங்களே?" என்றார் ரெஜினா டீச்சர் கவலையாக. நான் மறுபடியும் அடக்கமாகக் கையைக் காட்டப் போனேன். பிரம்மசக்தி முறைத்தாள். இறக்கிவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கல்லும் கட்டையும் போன பிறகு எனக்கு அடுப்படியில் உத்தியோகம் இல்லாமல் இருந்தது. இன்று கேப்பை மாவு வாங்கி வந்தேன். மில்லில் நின்று, கோதுமை அரைக்காத வேறு எந்திரத்தில் தனியாக அரைத்து வாங்கினேன். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு, ரொட்டி தட்டிச் சுட்டு, நெய் தடவித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பாட்டெல்லாம் பாடவில்லை.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நல்லாவே இல்லங்க. உப்பு இல்ல. நடுவுல வேகல. ஓரம் செருப்புத் தோலு மாதிரி இருக்கு. எனக்கு வேண்டாம்."

எழுந்து போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து, தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, நின்றபடியே பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். மறுபடியும் ரசம் ஊற்றினாள்.

"என்ன சிரிக்கீக?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை சொல்லு."

"எத?"

"நல்லா இல்லைன்னு."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்றாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா இல்ல. நல்லா இல்ல. நல்லாவே இல்ல. போதுமா?"

போதும் என்றேன்.

மீதி ரொட்டிகளை நான்தான் தின்றேன். அவள் சொன்னது உண்மை.